ஸ்டார் ட்ரெக் ப்ராப் எங்கிருந்து வந்தது? தேடிப் பார்த்தவனின் அனுபவம்

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளிக் கதையின் முதல் டிவி தொடரில், கப்பலின் டாக்டர் மெக்காய் நோயாளியின் உடம்புக்கு மேலே பிடித்து வைத்தியம் பார்க்கும் அந்தப் பளபளப்பான சின்னக் கருவிகளில் சில, சாப்பாட்டு மேஜையில் உப்புத் தூவும் குடுவைகள். ‘தி மேன் ட்ராப்’ என்ற அத்தியாயத்தில் உப்புக்காக ஆளைக் கொல்லும் ஒரு ஜந்து வரும். கதைக்கு உப்புக் குடுவை தேவைப்பட்டது. ப்ராப், அதாவது காட்சியில் நடிகர்கள் பயன்படுத்தும் சாமான்களின் பொறுப்பில் இருந்த இர்விங் ஃபைன்பெர்க், எதிர்காலத்துக்குப் பொருந்துகிற மாதிரி விதவிதமான வடிவங்களில் வாங்கி வந்தார். அவற்றைப் பார்த்தால் உப்புக் குடுவை என்றே பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்று சந்தேகம் வந்ததால், காட்சிக்குச் சாதாரணக் குடுவையை வைத்துவிட்டு, வாங்கி வந்த விசித்திர வடிவங்களை டாக்டரின் பைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அத்தியாயம்தான் 1966 செப்டம்பர் 8 அன்று தொடரின் முதல் ஒளிபரப்பாக வந்தது. படப்பிடிப்புத் தளத்தில் இந்த மாதிரிக் கருவிகளுக்கெல்லாம் ‘ஃபைன்பெர்கர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

ப்ராப் தேடலில் இறங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ஒரு அத்தியாயத்தை ஆறு ஏழு நாளில் எடுத்து முடிக்க வேண்டும், பணம் எப்போதும் பற்றாக்குறை, அடுத்த வாரக் கதைக்கு வேறு சாமான்கள் வேண்டும். அந்த நெருக்கடியில் இருந்த மனிதர் என்ன செய்திருப்பார்? கடைக்குப் போயிருப்பார், ஸ்டுடியோ கிடங்கில் தேடியிருப்பார், அல்லது வேகமாகச் செய்து தரும் கை ஒன்றைக் கூப்பிட்டிருப்பார். இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதுதான் பாதித் தேடல். பொருளை விண்வெளியிலிருந்து வந்த அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை எதுவும் கிடைக்காது. 1965, 66ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு நல்ல வீட்டுச் சாமான் கடையில் என்ன விற்றது என்று கேட்க ஆரம்பித்தால் வழி திறக்கும்.

நான் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வேலைக்கு வந்த பிறகுதான் இதில் முழுசாக இறங்கினேன். கம்ப்யூட்டர் வேலை, வார இறுதியில் இந்தத் தேடல். தொடரின் 79 அத்தியாயங்களையும் கதைக்காக எத்தனையோ முறை பார்த்தவன், இப்போது மேஜை மேல் என்ன இருக்கிறது, சுவரோரம் என்ன நாற்காலி என்று பார்க்கப் பழகியிருக்கிறேன்.

தேடும்போது மனசில் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. திரையில் தெரிவது எந்தக் கம்பெனியின் எந்தப் பொருள் என்பது ஒன்று. என் முன்னால் இருக்கும் இந்தத் துண்டு, திரையில் வந்த அதே துண்டுதானா என்பது இன்னொன்று. முதலாவதுக்கு வீட்டில் உட்கார்ந்தே பதில் தேடலாம். இரண்டாவது மிகவும் கடினம், பெரும்பாலும் பதிலே கிடைக்காது. இந்த இரண்டையும் கலந்து பேசுவதால்தான் சந்தையில் இத்தனை குழப்பம்.

தொடரில் வரும் வேற்றுக்கிரக மதுவான சோரியன் பிராந்தியின் குடுவையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தி எனிமி வித்தின்’ அத்தியாயத்தில் இரண்டாகப் பிரிந்துபோகும் கேப்டன் கிர்க்கின் கெட்ட பாதி, மெக்காயிடம் பிராந்தி கேட்டு வாங்கி, தாழ்வாரத்தில் நடந்துகொண்டே குடிக்குமே, அந்த வளைந்த குடுவை. அது ஜார்ஜ் டிக்கல் என்ற டென்னஸி விஸ்கி கம்பெனி 1964ல் வெளியிட்ட சிறப்புப் பாட்டில். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் வெடிமருந்து வைத்துக்கொள்ளும் மாட்டுக்கொம்பின் வடிவத்தில் செய்தது. ஒரு வீட்டைக் காலி செய்யும் விற்பனையில் எனக்கு அதில் ஒன்று கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஜன்னல் ஓரம் வைத்து, திரையில் காட்சியை நிறுத்தி, கிர்க் பிடித்திருக்கும் அதே கோணத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கழுத்து எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது, அடி எவ்வளவு பருத்திருக்கிறது, வெளிச்சம் பட்ட இடத்தில் கண்ணாடி எந்த நிறம் காட்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்ததில் எல்லாம் பொருந்தியது. லேபிளை எடுத்துவிட்டால் அது எந்தக் கிரகத்துக் குடுவை என்றும் சொல்லலாம். ஆனால் என் பாட்டில் அதே வகைப் பாட்டில், அவ்வளவுதான். அந்தக் கம்பெனி விற்ற எத்தனையோ பாட்டில்களில் ஒன்று. அதை அலமாரியில் வைத்து அடியில் சீட்டு எழுதியபோது ‘திரையில் வந்த பாட்டிலின் மாடல்’ என்றுதான் எழுதினேன். விற்பவர்கள் இந்த ஒரு சொல்லை விட்டுவிடும்போதுதான் இருநூறு டாலர் பொருள் இருபதாயிரம் டாலர் பேச ஆரம்பிக்கிறது.

அடுத்து, தேதி. ஒரு பொருள் கடைக்கு வந்த வருஷமும் படம் பிடித்த வருஷமும் பொருந்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, ஒளிபரப்பான தேதியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது என்பது. கிர்க்கும் அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கும் முப்பரிமாணச் சதுரங்கம் ஆடுவதோடு தொடங்குகிறதே, ‘வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்’, அது ஒளிபரப்பானது 1966 செப்டம்பரில். படம் பிடித்தது 1965 ஜூலையில். ஒரு வருஷத்துக்கும் மேலே இடைவெளி. ஆக, அந்தப் பலகையும் காய்களும் 1965 ஜூலைக்கு முன்பே கடையில் கிடைத்திருக்க வேண்டும். காய்கள் பீட்டர் கனைன் என்ற சிற்பி 1961ல் வடிவமைத்த ‘கிளாசிக்’ செட். தட்டுகள் அப்போது கடைகளில் விற்ற முப்பரிமாண செக்கர்ஸ், டிக்-டாக்-டோ விளையாட்டுகளிலிருந்து எடுத்தவை. இரண்டு மூன்று கடைச் சாமான்களை ஒன்றாகப் பூட்டி எதிர்காலத்து விளையாட்டு ஒன்றை உண்டாக்கிவிட்டார்கள். முதல் சோதனை அத்தியாயமான ‘தி கேஜ்’ இன்னும் முன்னால், 1964 கடைசியில் எடுத்தது. அதனால் ஒரு பொருளைப் பற்றித் தேட ஆரம்பிக்கும்போது அத்தியாயத்தின் பெயருக்குப் பக்கத்தில் படப்பிடிப்புத் தேதியை எழுதி வைத்துவிடுங்கள். ஏராளமான தப்பான அடையாளங்கள் இந்த ஒரு வரியிலேயே உதிர்ந்துவிடும்.

பொருளின் மேலேயே தேதி ஒளிந்திருப்பதும் உண்டு. அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் கோடு 1963 ஜூலையில்தான் வந்தது. பெட்டியில் கம்பெனி முகவரியோடு ஜிப் கோடு அச்சாகியிருந்தால் அந்தப் பெட்டி அதற்குப் பிந்தியது. பார் கோடு இருந்தால் 1970களுக்கு வந்துவிட்டோம், ஏனென்றால் கடையில் முதல் பார் கோடு ஸ்கேன் ஆனதே 1974ல்தான். மதுப் பாட்டில்களில் இந்தப் பாட்டிலை மறுபடி விற்பதோ பயன்படுத்துவதோ சட்டப்படி குற்றம் என்ற வாசகம் கண்ணாடியிலேயே எழும்பி நிற்கும். 1935 முதல் 1964 வரை அது கட்டாயமாக இருந்தது. அதேபோல உள்ளே எல்இடி விளக்கு வைத்த ஒரு கருவியை 1966ல் திரையில் வந்தது என்று யாராவது காட்டினால், விளக்கு பின்னால் மாற்றியதா என்று முதலில் கேளுங்கள். அந்தக் காலத்தில் எல்இடி அரிதும் விலை கூடியதும். ப்ராப்களில் இருந்தவை நெல் மணி அளவு சின்ன பல்புகள்.

நாற்காலிகள் விஷயத்தில் எனக்கு ஒரு தனி ஆர்வம் உண்டு. கதை நடக்கும் விண்கப்பலான என்டர்பிரைஸின் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் அந்த ஒற்றைக் கால் நாற்காலியை ஈரோ சாரினென் வடிவமைத்த டியூலிப் நாற்காலி என்று பலரும் இன்றும் எழுதுகிறார்கள், பழம்பொருள் விற்பவர்களும் அப்படியே சொல்லி விற்கிறார்கள். அது டல்லஸைச் சேர்ந்த பர்க் என்ற கம்பெனியின் நாற்காலி. பசடீனாவில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நடக்கும் ரோஸ் பௌல் சந்தையில் இந்த இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தேன், அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. சாரினெனுடையதில் தண்டு அப்படியே வழிந்து இறங்கி வட்டமான அடியாக விரியும். பர்க் நாற்காலியின் அடி நான்கு கைகளாகப் பிரிந்து நட்சத்திரம் போல நிற்கும். குனிந்து காலைப் பார்த்தால் போதும். கடைக்காரரிடம் சொன்னேன், அவர் கவிழ்த்துப் போட்டு அடியில் இருந்த பெயரை வாசித்துவிட்டு விலைச் சீட்டில் சாரினென் பெயரை அடித்துவிட்டார். ஒரு பொருளின் முகம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வித்தியாசம் எப்போதும் அடியிலும் பின்புறத்திலும்தான் இருக்கும்.

கேப்டன் நாற்காலியும் இதே கதைதான். சுற்றிலும் இருக்கும் பெட்டி மாதிரியான கைகள், சுவிட்சுகள் எல்லாம் ஸ்டுடியோ வேலை. நடுவில் கிர்க் உட்காரும் பகுதி மிஸிஸிப்பி மாநிலம் கான்டன் ஊரில் இருந்த மேடிசன் ஃபர்னிச்சர் கம்பெனியின் 2405 எண் மாடல், ஆர்தர் உமனோஃப் வடிவமைத்தது. அலுவலக வரவேற்பறையில் போடுகிற நாற்காலி. இதை அடையாளம் கண்டவர்கள் பழைய தளவாட அட்டவணைகளையும் (கேட்லாக்) திரைக் காட்சிகளையும் பக்கத்தில் வைத்து, சாய்மானத்தின் தையல் வரி, மரக்கை தொடங்கும் இடம் என்று பொருத்திப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தார்கள். இப்படிப்பட்ட தேடலுக்கு நான் அதிகம் நம்புவது வியாபாரிகளுக்காக அச்சடித்த அட்டவணைகளை. விளம்பரத்தில் அழகுக்காகப் படம் எடுப்பார்கள்; அட்டவணையில் மாடல் எண், உயரம், அகலம், கிடைக்கும் நிறங்கள் எல்லாம் இருக்கும். அந்த அளவுகள் கிடைத்துவிட்டால் திரையில் அந்த நாற்காலியையே அளவுகோலாக வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் வேறு பொருளின் உயரத்தைக் கணக்குப் போடலாம். இரண்டும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் காட்சியாகப் பார்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தவறிவிடும். வடிவமைப்புக் காப்புரிமைப் பதிவுகளும் பெரிய உதவி. அமெரிக்காவில் நாற்காலி, விளக்கு, கிண்ணம் என்று எல்லாவற்றின் வடிவத்துக்கும் காப்புரிமை வாங்குவார்கள், நாலு பக்கமும் கோட்டோவியம் போட்டிருப்பார்கள், இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயர் தெரியாவிட்டாலும் பொருளின் வகையும் வருஷமும் தெரிந்தால் பொறுமையாகப் புரட்டிப் பார்க்கலாம்.

திரையிலிருந்து படம் எடுப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. தொடரை 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்ததால் ப்ளூ-ரே வந்தபோது பழைய டிவியில் தெரியாத விவரமெல்லாம் தெரிய ஆரம்பித்தது. அதையும் தாண்டி இன்னொன்று உண்டு. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெர்ரி ‘லிங்கன் என்டர்பிரைசஸ்’ என்ற பெயரில் தபால் வழி வியாபாரம் ஒன்று நடத்தினார். எடிட்டிங்கில் வெட்டிப்போட்ட ஃபிலிம் துண்டுகளை ரசிகர்களுக்கு விற்றார்கள். ஒளிபரப்பில் வராத காட்சிகள், கிளாப் பலகை பிடித்த கை, காட்சி தொடங்குவதற்கு முன் மேஜையில் கிடக்கும் கருவி எல்லாம் அதில் இருக்கும். ரசிகர்கள் அவற்றைப் பல வருஷங்களாக ஸ்கேன் செய்து பகிர்ந்து வருகிறார்கள். ஒரு கருவியின் பின்பக்கம் அத்தியாயத்தில் ஒருமுறைகூடத் தெரியாமல் இருந்து, வெட்டிப்போட்ட ஒரு துண்டில் தெளிவாக இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். யாரிடமாவது அந்தத் துண்டுகள் இருப்பது தெரிந்தால் கெஞ்சியாவது நல்ல ஸ்கேன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஃபிலிமின் நிறம் வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டே போகிறது.

இவ்வளவும் கடையில் வாங்கிய சாமான்கள். கையால் செய்தவற்றுக்கு வந்தால், என் மனசை அதிகம் பிடித்து வைத்திருப்பவர் வா மிங் சாங்.

மூடி திறந்து பேசும் கம்யூனிகேட்டர், சுற்றிலும் இருப்பதை அளந்து பார்க்கும் டிரைகார்டர் இரண்டையும் வடிவமைத்துச் செய்தவர் அவர். ஃபேசர் துப்பாக்கியின் வடிவம் கலை இயக்குநர் மேட் ஜெஃப்ரிஸிடமிருந்து வந்தது, அதைக் கையில் பிடிக்கும் பொருளாக ஆக்கியதில் சாங்கின் பங்கு உண்டு. கார்ன் என்ற பல்லி மனிதன், உப்பு ஜந்து, பேலோக் பொம்மைத் தலை, எதிரிகளான ரோமுலன்களின் கப்பல் எல்லாம் அவர் கை பட்டவை. 1917ல் ஹொனலூலுவில் பிறந்தவர், சின்ன வயதிலேயே ஓவியக் கண்காட்சி வைத்தவர், இருபதுகளின் தொடக்கத்தில் போலியோ தாக்கிய பிறகும் வாழ்நாள் முழுதும் கையால் செய்துகொண்டே இருந்தவர், 2003ல் காலமானார். தொடரின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. ப்ராப் செய்பவர்களின் தொழிற்சங்கத்தில் அவர் உறுப்பினர் இல்லை, அதனால் ஸ்டுடியோ அவரை வேலைக்கு வைத்துச் செய்யச் சொல்ல முடியாது என்று சங்கம் எதிர்த்தது. கடைசியில், அவர் தன் பட்டறையில் தானாகவே செய்து வைத்திருந்த பொருளை ஸ்டுடியோ விலைக்கு வாங்கியது என்று கணக்குக் காட்டினார்கள். தயாரிப்பில் இருந்த ஹெர்ப் சோலோவும் பாப் என்கிற ராபர்ட் ஜஸ்ட்மனும் பிறகு இதை வெளிப்படையாக எழுதினார்கள். இதற்கு முன்பும் அவருக்கு இப்படி நடந்திருக்கிறது. 1960ல் வந்த ‘தி டைம் மெஷின்’ படத்தின் விசேஷக் காட்சிகளுக்கு ஆஸ்கார் கிடைத்தபோது உடன் வேலை செய்த இருவருக்குக் கொடுத்தார்கள், இவர் பெயர் விடுபட்டது.

தேடுபவர்களுக்கு இதில் நேரடியான பயன் உண்டு. ஸ்டுடியோ காகிதத்தில் செய்தவர் பெயர் இல்லை என்பதால் ஸ்டுடியோ பட்டறையில் செய்தது என்று முடிவு கட்ட முடியாது. காகிதம் யாருக்காக எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். கணக்குப் பிரிவுக்கு எழுதியதில் ஒரு உண்மை இருக்கும், சங்கத்துக்குக் காட்ட எழுதியதில் வேறு மாதிரி இருக்கும். பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் இன்றைக்கும் சாங் யார் என்று நமக்குத் தெரியாது. எனக்கு இது வெறும் தகவல் திரட்டுவதாகத் தோன்றவில்லை. உலகமே பார்த்த ஒரு பொருளைச் செய்தவனுக்கு அவன் பெயரைத் திருப்பிக் கொடுக்கும் வேலை இது.

கம்யூனிகேட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், போலிகள் அதிகம் சுற்றுவது அதில்தான். நல்ல குளோசப்புக்காகச் செய்ததை ஹீரோ ப்ராப் என்பார்கள்; இடுப்பில் மாட்டிக்கொண்டு ஓடுவதற்கும் விழுவதற்கும் டம்மிகள் தனி. ஹீரோவில் நடுவே வட்டமாகச் சுழலும் ஒரு கோல வடிவம் தெரியும். ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் கோடுகள் நகரும்போது உண்டாகும் அலைத் தோற்றம் அது, அதைச் சுழற்றியது உள்ளே வைத்த ஒரு ஸ்டாப் வாட்ச் இயந்திரம். வெளி ஓடு கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் காற்றை உறிஞ்சி இழுத்துச் செய்தது. இந்த முறையில் தகடு இழுபடும் மூலைகளில் மெலிந்து போகும்.

ஊர்க்காரத் தம்பி ஒருவன், என்னைவிட வயதில் சின்னவன், ஒருநாள் ஃபோன் பண்ணினான். “அண்ணா, ஒரிஜினல் கம்யூனிகேட்டர் ஒண்ணு விலைக்கு வருது. சர்டிஃபிகேட்டும் இருக்கு, நாளைக்குள்ள பணம் கட்டணுமாம்” என்றான். “சர்டிஃபிகேட்டை விடு தம்பி, அதுல கையெழுத்துப் போட்டவருக்கு இது யார் கையிலிருந்து வந்துச்சுன்னு கேளு. அப்புறம் உள்பக்கம் ஃபோட்டோ அனுப்பச் சொல்லு” என்றேன். படம் வந்தது. மூலைகள் எல்லாம் நடுப்பகுதி அளவுக்கே தடிமனாக இருந்தன, அதாவது ஊற்றி வார்த்த ஓடு. அளவும் கேட்டு வாங்கினோம். அசலிலிருந்து அச்செடுத்து வார்க்கும்போது காய்கையில் ஒவ்வொரு முறையும் துளி சுருங்கும், நகலின் நகல் இன்னும் சுருங்கும். அளவு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதுவும் சின்னதாகத்தான் இருந்தது. விற்றவரிடம் கைமாறிய வரலாறு கேட்டபோது ‘ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஒருவர்’ என்பதற்கு மேல் ஒரு பெயரோ வருஷமோ வரவில்லை. அவன் வாங்கவில்லை. சர்டிஃபிகேட் என்பது ஒருவருடைய அபிப்பிராயம்தான், அந்த அபிப்பிராயத்துக்கு அடியில் என்ன ஆதாரம் என்று காட்டினால் மட்டுமே அதற்கு மதிப்பு. அவசரப்படுத்துகிறார்கள் என்றாலே ஒதுங்கிவிடலாம்.

கைமாறிய வரலாறு எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ‘வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்’ அத்தியாயத்தில் கிர்க் தூக்கிக்கொண்டு போகும் நீளமான ஃபேசர் ரைஃபிள், பொம்மை வடிவமைப்பாளர் ரூபன் க்ளாமர் செய்தது. அவரிடமே இருந்து, 2013ல் ஏலத்துக்கு வந்து 2,31,000 டாலருக்குப் போனது. செய்தவரின் வீட்டிலிருந்து நேராக ஏலக் கூடம், நடுவில் யாரும் இல்லை.

காகிதங்களுக்கு நான் போனது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் நூலகத்துக்கு. ராடன்பெர்ரி கொடுத்த ஸ்டார் ட்ரெக் ஆவணங்களும், இணைத் தயாரிப்பாளர் ராபர்ட் ஜஸ்ட்மன் வைத்திருந்த திரைக்கதைகளும் அங்கே சிறப்புச் சேகரிப்பில் இருக்கின்றன. ஆராய்ச்சியாளராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முன்கூட்டியே பதிவு செய்து, எந்தப் பெட்டி வேண்டும் என்று பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிட்டால் எடுத்து வைப்பார்கள். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில்தான். ஒரு நேரத்தில் ஒரு கோப்பு. போகும் முன் வீட்டிலேயே அந்தப் பட்டியலைப் படித்துக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் ஜஸ்ட்மனின் குறிப்புகளைப் படிக்கிற சுவாரசியத்திலேயே நாள் போய்விடும், அவ்வளவு நன்றாக எழுதுவார். ப்ராப் பற்றி நேரடியாக எழுதிய தாள் அரிது. திரைக்கதையின் வெவ்வேறு நிறத் திருத்தத் தாள்களில்தான் விஷயம் இருக்கும். முந்தைய வடிவத்தில் ஒரு பொருள் இருந்து, பிந்தையதில் இல்லாமல் போயிருந்தால், அந்தத் தேதிக்கு நடுவில் அது கிடைக்கவில்லை அல்லது செலவு கட்டுப்படியாகவில்லை என்று தெரியும். இந்த மாதிரி ஓரத்தில் கிடைக்கும் சேதிகளைத்தான் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

உங்கள் தொடரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. ஹாலிவுட்டில் ப்ராப் வாடகைக் கடைகள் உண்டு, ஒரே சாமான் பல தொடர்களில் தலை காட்டும். அதே காலத்தில் வந்த இர்வின் ஆலனின் ‘லாஸ்ட் இன் ஸ்பேஸ்’, ‘தி டைம் டனல்’ தொடர்களில் மினுங்கும் கம்ப்யூட்டர் பலகைகள் நிஜக் கம்ப்யூட்டர்களின் பாகங்கள். பரோஸ் கம்பெனியின் 205 இயந்திரம், அமெரிக்க விமானப்படைக்கு ஐபிஎம் செய்த ஏஎன்/எஃப்எஸ்க்யூ-7 இயந்திரம் இரண்டும் பிரித்து விற்கப்பட்டு எத்தனையோ படங்களில் வந்திருக்கின்றன. ஸ்டார் ட்ரெக் எடுத்த டெஸிலு ஸ்டுடியோவிலேயே ‘மிஷன்: இம்பாசிபிள்’ தொடரும் எடுத்தார்கள். நீங்கள் தேடும் பொருள் முந்தைய வருஷம் வேறு தொடரில் இருப்பதைக் கண்டுபிடித்தால், அது இதற்காகச் செய்ததில்லை என்பது அந்த நிமிஷமே தீர்ந்துவிடும்.

வாஷிங்டன் போனபோது ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் பெரிய என்டர்பிரைஸ் மாதிரியைப் பார்த்தேன். பதினோரு அடிக்கு மேல் நீளம். ரிச்சர்ட் டேட்டினும் பர்பாங்கில் இருந்த ஒரு மாதிரிப் பட்டறையும் 1964 கடைசியில் செய்து முடித்தது. மரம், பிளாஸ்டிக், உலோகத் தகடு எல்லாம் கலந்தது. கூட்டம் வலது பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது, நான் இடது பக்கம்தான் அதிக நேரம் நின்றேன். உள்ளே விளக்கு வைத்தபோது ஒயர்கள் எல்லாம் இடது பக்கமாக நுழைந்ததால், கேமரா எப்போதும் வலது பக்கத்தையே பார்த்தது. கேமரா பார்க்காத பக்கத்தை அலங்கரிக்க அவர்களுக்கு நேரமும் பணமும் இல்லை. அந்த மொட்டைப் பக்கம் ஒரு ப்ராப்பின் நிஜமான கையெழுத்து. யாராவது நாலு பக்கமும் ஒரே மாதிரி நேர்த்தியாக முடித்த ‘அசல்’ ஒன்றைக் காட்டினால் எனக்குச் சந்தேகம் வருவது இதனால்தான்.

1974ல் அருங்காட்சியகத்துக்கு வந்த பிறகு அதைப் பலமுறை புதுப்பித்தார்கள், ஒவ்வொரு தடவையும் மேலே வேறு பெயின்ட் ஏறியது. 2014ல் தொடங்கி 2016ல் முடித்த கடைசி வேலையில் எக்ஸ்-ரே எடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். 1976க்கு முன் எடுத்த புகைப்படம் யாரிடமாவது இருந்தால் தாருங்கள் என்று பொதுமக்களிடமே கேட்டார்கள். கப்பலின் முன்பகுதியான வட்டத் தட்டின் மேல்பரப்பில் மட்டும் 1960களின் அசல் பெயின்ட் மிச்சம் இருந்தது, அதைத் தொடாமல் விட்டு மற்ற பகுதிகளை அதற்குப் பொருத்தினார்கள். உங்களுக்கு ஏதாவது பழைய துண்டு கிடைத்தால் முதல் நாள் செய்ய வேண்டியது இதுதான்: துடைக்காதீர்கள், பசை போடாதீர்கள், கிடைத்த கோலத்திலேயே எல்லாப் பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். நீங்கள் அழுக்கு என்று நினைப்பது அந்தக் காலத்துப் பெயின்டின் கடைசித் துணுக்காக இருக்கலாம்.

பழைய படத்தின் மதிப்பு என்ன என்பதற்கு 33 அங்குல மாதிரியை விடச் சான்று வேண்டாம். பெரியதற்கு முன்னால் டேட்டின் செய்த முதல் என்டர்பிரைஸ் அது, ராடன்பெர்ரியிடம் இருந்தது. 1970களின் கடைசியில் முதல் திரைப்படத்துக்காக இரவல் போய், திரும்பவில்லை. 2023ல் இணைய ஏலத்தில் திடீரென்று தென்பட்டது, ரசிகர்கள் அடையாளம் கண்டார்கள், விற்பனைப் பக்கம் எடுக்கப்பட்டு, டல்லஸில் உள்ள ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் கைக்கு வந்தது. நிபுணர்கள் மரத்தின் இழை ஓட்டம், பெயின்ட் எல்லாவற்றையும் பழைய புகைப்படங்களோடு வைத்துப் பார்த்து அதுவேதான் என்று உறுதி செய்தார்கள். 2024 ஏப்ரலில் ராடன்பெர்ரியின் மகனிடம் திரும்பப் போய்ச் சேர்ந்தது. மர இழை ஒவ்வொரு பலகைக்கும் தனி, அதை நகல் செய்ய முடியாது. இரண்டாவது கேள்விக்கு, அதாவது இதுவேதானா என்ற கேள்விக்கு, ஆமாம் என்று சொல்ல முடிந்த அபூர்வமான சந்தர்ப்பம். அந்த மாதிரியை யாரோ ஒருவர் அறுபதுகளில் கவனமாகப் படம் எடுத்து வைக்காமல் போயிருந்தால் இது நடந்திருக்காது.

நான் இப்போது தேடிக்கொண்டிருப்பது சதுரங்கத் தட்டுகளைத்தான். அட்டைப்பெட்டியோடு, உள்ளே விதிமுறைச் சீட்டோடு ஒரு பழைய முப்பரிமாண செக்கர்ஸ் செட் வேண்டும். பெட்டியின் முகவரியில் ஜிப் கோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் 1965 ஜூலைக் கணக்கு இன்னும் இறுகும். காய்கள் என்னிடம் இருக்கின்றன, தட்டின் அளவுதான் பாக்கி. உங்களில் யாருடைய வீட்டுப் பரணிலாவது அப்படி ஒன்று கிடந்தால் விற்கக்கூட வேண்டாம், ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து நேராக மேலிருந்து ஒரு படம், பெட்டியின் அடிப்பக்கம் ஒரு படம், அது போதும்.